பூங்காவுக்குக் கறுப்பில் போனவள்

பிஷ்கெக் நகரத்தில் எங்கள் கட்டிடத்துக்கு எதிரே, சாலையைத் தாண்டினால் பூங்கா. பக்கத்து வீட்டு ஜிபர்குல் அதைச் சமையலறை ஜன்னலிலிருந்து பார்ப்பதோடு சரி. புருஷன் துராத் செத்து வருஷம் திரும்பவில்லை. செத்தவருக்கு வைக்கும் வருஷ விருந்தன்று மூத்த பெண்கள் வந்து கழற்றும்வரை அவள் உடம்பில் கறுப்புத்தான். கறுப்பு உடுத்தியவள் கடைக்குப் போகலாம், ஆஸ்பத்திரிக்குப் போகலாம், உலாவப் போகக் கூடாது. இந்தச் சட்டம் போட்டவன் கையில் கிடைத்தால் நான் நாலு வார்த்தை கேட்பேன்.

தையல் வேலையும் வீட்டுக்கே வந்துவிட்டது. பட்டறையிலிருந்து சட்டைத் துணி மூட்டையாக வரும், தைத்ததும் திரும்பிப் போகும். அவள்தான் போக வழியில்லாமல் கிடந்தாள். நான் டீ குடிக்கப் போனால் மிஷினை நிறுத்திவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொள்வாள்.

"படுத்தா இங்க படபடன்னு அடிக்குதுக்கா. வீடே மேல ஏறி உக்காந்த மாதிரி இருக்கு."

டாக்டரம்மா எல்லாம் சோதித்துவிட்டு, "மாத்திரை தர்றேன். ஆனா தினம் மரத்தடியில நடக்கணும். அத உனக்காக வேற யாரும் நடக்க முடியாது" என்றாள். திரும்பும் வழியில் ஜிபர்குல் பூங்காவுக்குள் நுழைந்துவிட்டாள். ஓக் மரத்தடியில், வாய்க்கால் ஓரமாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறாள். அன்று இரவு தூங்கினாள். அதை அவள் சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்புறம் டாக்டரைச் சாக்கு சொல்லி அடிக்கடி போனாள். சனிக்கிழமை கல்யாணக் கூட்டங்கள் படமெடுக்க வரும் நாள் என்பது அவளுக்குத் தெரியாதா? தெரியும். தூக்கத்தை ருசி கண்ட உடம்பு கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை மணப்பெண் எதிரே வந்ததும் மரத்துக்குப் பின்னால் ஒளிந்தாள். ஒளிந்ததால்தான் எல்லோரும் பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி துராத்தின் அண்ணனுக்குத் தெரிந்தவள். இவள் வீடு சேர்வதற்குள் போன் வந்துவிட்டது.

வீட்டோடு இருக்கும் மாமியார் காலிபா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். அபா என்றால் அம்மா, எங்கள் எல்லோருக்குமே அவள் அபாதான். "ஐஸ்கிரீம் திங்கிற எடத்துல உனக்கு என்னடி வேல? எம்மவன் குழி மண்ணு காஞ்சிருச்சா?"

"காத்துக்குத்தான் போனேன் அபா."

"ஜன்னல்ல வராத காத்தா?"

பக்கத்து வாசலில் நின்ற நான் விடவில்லை. "டாக்டர் சொன்னது அபா."

"டாக்டர் வந்து ஊர் வாய மூடுவாளா? நீ உன் வேலயப் பாரு!"

கோடை முழுக்க ஜிபர்குலுக்கு அந்த ஜன்னல்தான். மறுபடியும் தூக்கம் போனது. ஒரு மத்தியானம் மிஷின் மேலேயே சரிந்து விழுந்தாள். ஆம்புலன்ஸ் வந்து ஊசி போட்டுவிட்டுப் போனது. அபா அவள் கால்மாட்டில் உட்கார்ந்து அந்தக் காலைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். இன்னொரு சாவை அந்த வீடு தாங்காது.

மறுநாள் காலை அபாவே எழுப்பினாள். "எந்திரி, நானும் வர்றேன். மாமியா கூட வந்தா எவ பேசுவா?"

அதிலிருந்து தினமும் இருவரும் போனார்கள். எவளும் பேசவில்லை. ஜிபர்குலின் கன்னத்தில் நிறம் திரும்பியது.

வருஷ விருந்தில் கறுப்பைக் கழற்றி நீலக் கவுன் போட்டுவிட்டார்கள். "இனிமே எங்க வேணா போம்மா" என்றார்கள். மறுநாள் காலை கிளம்பும்போது நானும் இருந்தேன். அபா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"நீ போ. ஒனக்கு இனிமே தொண வேணாம்."

"ஏன் அபா?"

"ஒனக்குத் தொணையா வந்தேன்னா நெனச்ச? ஒன்னச் சாக்கு வச்சு நானும் மூச்சு விட்டேன்டி. ஒனக்கு ஒரு நாள் குறிச்சுக் கழட்டிட்டாங்க. பெத்தவளுக்கு எப்பக் கழட்டுவாங்க?"

ஜிபர்குல் அபாவின் செருப்பை எடுத்து வந்து, தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு காலாக மாட்டிவிட்டாள்.

"யாராச்சும் கேட்டா, மருமகளுக்கு இன்னும் நெஞ்சு அடிக்குது, தனியா விட முடியலன்னு சொல்லுங்க. நீங்க இருக்கற வரைக்கும் எனக்குச் சரியாகாது, அபா."