வரி போட்ட நத்தை

ஆய்வேட்டை ஒப்படைக்க ஒன்பது நாள் இருந்தது. உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றியது, எழுந்தால் உட்காரத் தோன்றியது. கைக்கு ஏதாவது வேலை வேண்டுமே என்று, கடைசியாகச் சதை எடுத்த நத்தைகளின் ஓடுகளைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்க்க ஆரம்பித்தேன். அடையாற்றில் எங்கள் ஆய்வகத்தின் ஜன்னலோரம் அவை ஒரு டப்பாவில் கிடந்தன. பாசி போனது. ஐந்தாவது ஓட்டில் கறுப்பு வரிகள் தெரிந்தன.

பிரஷ்ஷைக் கீழே வைத்தேன்.

வேளச்சேரிப் பக்கத்து ஏரி ஒன்றில், நத்தைகளின் சதையில் ஈயம் எவ்வளவு சேருகிறது என்பதுதான் என் ஆய்வு. மூன்று வருட வேலை. நான் எடுத்துக்கொண்டது வரியில்லாத இனம். அதற்கு நெருங்கிய சொந்தமான வரி போட்ட இனமும் அதே ஏரியில் உண்டு. ஈயத்தைச் சேர்க்கும் அளவு இனத்துக்கு இனம் மாறும். இரண்டுக்கும் கூம்பு முதுகு, இரண்டும் முட்டையிடாமல் குட்டி போடும். ஓட்டில் ஓடும் வரிதான் வித்தியாசம், அதையும் பாசி மூடிவிடும். சதையை எடுத்து உலர்த்திப் பொடித்துவிட்டால் பிரம்மாவே வந்தாலும் பிரிக்க முடியாது. நான் பொடித்துவிட்டேன். மற்ற ஓடுகளை எப்போதோ குப்பையில் போட்டாயிற்று. மூன்றாம் வருடம் ஈயம் திடீரென்று ஏறியிருந்தது. ஏரி கெட்டுவிட்டது என்று ஓர் அத்தியாயமே எழுதி வைத்திருந்தேன். அந்த ஏற்றம் ஏரியால் வந்ததா, இரண்டு இனமும் கலந்ததால் வந்ததா என்று இனிமேல் யாராலும் சொல்ல முடியாது.

முதல் இரண்டு வருடம் எனக்கு அந்த ஏரியிலிருந்து நத்தை கொண்டுவந்து தந்தவர் ஆற்றோரக் குடிசையில் இருந்த ஓர் அக்கா. நத்தைக்கறி விற்பவர். குடிசைகளை அகற்றி அங்கிருந்தவர்களை அரசு ஊருக்கு வெளியே குடியமர்த்திய பிறகு நானே ஏரியில் இறங்கிப் பொறுக்கினேன். அவருக்குப் போன் போட்டேன்.

"அக்கா, எனக்குக் குடுத்ததுல வரி போட்ட நத்தையும் இருந்துச்சா?"

"இன்னா பாப்பா இப்டி கேக்குற? வரி இல்லாததுதான் வோணும்னு நீதான மொத நாளே சொன்ன? ஒவ்வொண்ணையும் நார் போட்டுத் தேய்ச்சுப் பாத்துதான் எடுத்தாருவேன். வரி போட்டத நாங்க ஆக்கித் துன்னுடுவோம்."

தேய்த்துப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எனக்குச் சொல்லித்தந்திருந்தார்கள். அவர் தந்த சுத்தமான ஓடுகளையே பார்த்துப் பழகி, வரி இருந்தால் கண்ணில் படாதா என்று மெத்தனமாக இருந்துவிட்டேன்.

நெறியாளரிடம் ஓடினேன். மயிலாப்பூர்க்காரர், எதற்கும் பதறாதவர். "யாருக்குத் தெரியப்போறது? பேசாம சப்மிட் பண்ணிடு" என்றார். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவர்மேல் இல்லை. மூன்றாம் வருடத்தை முழுவதுமாக வெட்டினேன். பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போயிற்று.

மிஞ்சிய இரண்டு வருடமும் அந்த அக்கா தேய்த்துப் பார்த்துக் கொடுத்தது. நன்றியுரையைத் திறந்தேன். நெறியாளர், துறைத்தலைவர், பஸ்ஸில் இடம் போட்டுத் தந்த தோழி வரைக்கும் எல்லோரும் இருந்தார்கள். அக்காவைச் சேர்க்கப் போனேன். போனில் 'நத்தை அக்கா' என்று மட்டும்தான் இருந்தது. இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட நான் பெயரைக் கேட்டதில்லை.

மறுபடி கூப்பிட வெட்கமாக இருந்தது. கூப்பிட்டேன்.