சன்னக்குரலைத் தேடிப் போன முத்திரை அக்கா

பல்கலைக்கழகத்தின் அயல்நாட்டு மாணவர் பிரிவில் இருபத்தெட்டு வருஷமாகக் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் எழுத்தர் அவள். போகிற வருகிற கடிதங்களுக்கெல்லாம் முத்திரை குத்துவதால் மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் முத்திரை அக்கா. அவள் மட்டும் சும்மா இருந்தாளா? வாயில் நுழையாத பெயர்களை ஃபைலோடு விட்டுவிட்டு, தூங்குமூஞ்சி, நெட்டைக்காலன், சன்னக்குரல் என்று ஆளுக்கொரு பட்டப்பெயரை மனதுக்குள் வைத்துக்கொண்டாள்.

அவள் ஓய்வு பெற நான்கு மாதம் இருந்தபோது, பழைய மாணவர்களைச் சந்திக்க ஒரு குழு கடல் தாண்டிப் போவதென்று முடிவானது. பதிவாளரும் இரண்டு பேராசிரியர்களும் கிளம்பினார்கள். பட்டியலில் எழுபது பெயர்கள் இருந்தன. அவற்றில் ஒரு முகம்கூட அந்த மூவருக்கும் ஞாபகமில்லை. வேறு வழியில்லாமல் முத்திரை அக்காவையும் சேர்த்துக்கொண்டார்கள். பட்டியலைத் தட்டச்சு செய்தவளே அவள்தான். அதில் சன்னக்குரலின் பெயரைப் பார்த்த அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பதினாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை. தாய்க்கு உடம்பு ரொம்ப முடியவில்லை என்று தகவல் வந்து, சன்னக்குரல் விடுப்புக் கடிதத்துக்காகக் கவுன்ட்டருக்கு வந்தாள். டீன் கையெழுத்துப் போட்ட கடிதம் இல்லாமல் ஊருக்குப் போனால் திரும்பி வந்து படிக்க முடியாது. மணி நாலாகப் பத்து நிமிஷம் இருந்தது. டீன் மாடியில்தான் இருந்தார். ஆனால் அவரிடம் கையெழுத்துக்குப் போனால் அரை மணி நேரம் சொந்தக் கதை பேசாமல் விடமாட்டார். நாலே கால் பஸ் போய்விடும். டீன் கிளம்பிவிட்டார், திங்கட்கிழமை வா என்று சொல்லிவிட்டு முத்திரை அக்கா மேசையைப் பூட்டினாள்.

திங்கட்கிழமை ஆபீஸ் திறக்கும் முன்பே வந்து, டீனை வாசலிலேயே மறித்துக் கையெழுத்து வாங்கிக் கொடுத்தாள். அந்தப் பெண் ஊர் போய்ச் சேர்ந்தபோது தாய் இறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. திரும்பி வந்து படிப்பை முடித்தவள், அந்தக் கடிதத்துக்காகப் பார்க்கும்போதெல்லாம் நன்றி சொன்னாள். அந்த நன்றிதான் முத்திரை அக்காவை அரித்தது. கட்டிய கணவரிடம்கூட அவள் இதைச் சொன்னதில்லை. இந்தத் தடவை அந்தப் பெண்ணிடமே சொல்லிவிட வேண்டும்.

விமானத்திலிருந்து இறங்கியபோது அங்கே காலை வெயில். உடம்பு வீட்டுக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருக்க, கால் மட்டும் வேறோர் ஊரின் பகலில் நடப்பதுபோல் இருந்தது. சந்திப்பு நடந்த கூடம் ஆற்றங்கரையில் இருந்தது. ஜன்னலெல்லாம் கண்ணாடி. தண்ணீரில் பட்ட வெளிச்சம் கூரையில் மெல்ல அசைந்துகொண்டே இருந்தது. நரைத்தவர்களும் தொந்தி வைத்தவர்களுமாக உள்ளே வந்தார்கள். அவள் பார்க்கப் பார்க்க, ஒவ்வொரு முகத்துக்குள்ளிருந்தும் ஃபைலில் ஒட்டிய பதினெட்டு வயதுப் புகைப்படம் மெதுவாக எழுந்து வந்தது. அந்த மயக்கத்தில், பெரிய அதிகாரியாகிவிட்ட ஒருவரைப் பார்த்து “தூங்குமூஞ்சி” என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். பதிவாளருக்கு முகம் வெளுத்தது. நம்ம ஊரில் அவரோடு படித்த அவர் மனைவிதான் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு சன்னக்குரல் வந்தாள். ஓடி வந்து கட்டிக்கொண்டாள். எனக்காக ஆபீஸ் திறக்கும் முன்னால் வந்து நின்ற அக்கா இவங்கதான் என்று சுற்றி நின்றவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னாள். அந்தப் பெருமையை அப்படியே வாங்கிக்கொண்டு ஊர் திரும்பலாம், யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. முத்திரை அக்காவுக்கும் அந்த ஆசை வந்தது. ஆனாலும் அவளை ஜன்னலோரம் கூட்டிப்போனாள்.

“அன்னைக்கு டீன் மாடியிலதான்மா இருந்தார். எனக்குத் தெரியும். பஸ் போயிடுமேன்னு பொய் சொல்லிட்டேன்.”

சன்னக்குரல் பிடித்திருந்த கையை விட்டாள்.  அந்த வெள்ளிக்கிழமை மாலையே அவள் ஊருக்கு ஒரு விமானம் இருந்தது என்பது இருவருக்கும் தெரியும்.

“அப்ப நான் வந்தப்போ நேரம் இருந்துச்சா?”

“இருந்துச்சும்மா.”

சன்னக்குரல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தகவல் வந்தது மத்தியானமே என்றாள். நேராகக் கவுன்ட்டருக்கு வராமல், அம்மாவுக்குப் போர்த்திவிட ஒரு கம்பளி வாங்கலாம் என்று கடைத்தெருவுக்குப் போயிருக்கிறாள். நிறம் தேர்ந்தெடுக்க ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. அந்த ஒரு மணி நேரத்தால்தான் டீனைத் தவறவிட்டோம், அம்மாவின் முகத்தைத் தவறவிட்டோம் என்று பதினாறு வருஷமாகத் தன்னையே திட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

முத்திரை அக்கா மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். சன்னக்குரல் காதில் எதுவும் விழவில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு, கூடமே திரும்பிப் பார்க்க, சின்னப் பிள்ளைபோல் அழுதுகொண்டிருந்தாள்.

“நான் லேட்டா வரலக்கா,” என்றாள். “நான் லேட்டா வரல.”