தொட்டுப் பார்த்த குளோரேட்

ராமலட்சுமிக்குப் பார்வை போன கோடையில்தான் அவளுடைய பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களும் வந்தன. மதுரையில் கண் ஆஸ்பத்திரிக் கட்டிலில், இரண்டு கண்களிலும் கட்டோடு படுத்திருந்தவளுக்கு அப்பா கோபாலசாமி போனைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசித்தார். வேதியியலில்தான் அதிகம். அதை வாசிக்கும்போது மட்டும் அவர் குரல் இறங்கிவிட்டது.

எட்டயபுரத்துக்கும் விளாத்திகுளத்துக்கும் இடையில் பஸ்ஸை விட்டிறங்கி, கரிசல் காட்டுக்குள் நடந்தால் அவர்கள் ஊர் வரும். கோபாலசாமிக்கு ஆடுகள் உண்டு; மழை பெய்தால் மிளகாயும் உண்டு. பரீட்சை முடிந்து சும்மா இருந்த மகளை, பக்கத்துத் தெரு கோமதியம்மாள் தன்னோடு பட்டாசு வேலைக்குக் கூட்டிப்போனாள். சொந்தமில்லை என்றாலும் ராமலட்சுமிக்கு அவள் அத்தை. காட்டுக்குள் இருந்த அந்தத் தகரக் கொட்டகைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. காகிதக் குழாய்களுக்கு அடியில் களிமண் அடைப்பது ராமலட்சுமியின் வேலை. வெடிமருந்து சலிப்பது கோமதியம்மாளின் வேலை.

அன்று உச்சி வெயிலில் அத்தைக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுபோனாள். மருந்து அறையின் வாசலில் நின்று கூப்பிட்டாள். அத்தை சல்லடையிலிருந்து தலையைத் தூக்கி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குப் பிறகு ராமலட்சுமி பார்த்தது வெள்ளை மட்டும்தான். சத்தம் கேட்ட ஞாபகம்கூட அவளுக்கு இல்லை.

கோமதியம்மாள் அங்கேயே போய்விட்டாள். அடுத்த அறையில் திரி வைத்துக்கொண்டிருந்த சுகுணாவும் போய்விட்டாள். சுகுணா, கோமதியம்மாள் வீட்டுக்கு அடுத்த வீட்டுக் கல்யாணசுந்தரியின் ஒரே மகள்; அந்தத் தையில்தான் நிச்சயம் செய்திருந்தார்கள்.

கொட்டகைக்காரர் கொஞ்ச நாள் தலைமறைவாக இருந்து, ஜாமீன் வாங்கிக்கொண்டு வந்தார். வந்ததும் ஒரு பேச்சு ஊருக்குள் பரவியது. கோமதியம்மாள் போனில் பேசிக்கொண்டே மருந்துத் தகரத்தைத் தரையில் போட்டுவிட்டாளாம். அவளுடைய கவனக்குறைவால்தான் எல்லாம் நடந்ததாம். போலீஸ் எழுதியதும் கிட்டத்தட்ட அதுதான். கல்யாணசுந்தரி பக்கத்து வீட்டோடு பேச்சை நிறுத்தினாள். கோமதியம்மாளின் புருஷன் பாண்டியராஜன் டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார்.

ராமலட்சுமி ஒரு வருஷம் வீட்டில் கிடந்தாள். பிறகு பாளையங்கோட்டைக்குப் போய்க் குச்சி பிடித்து நடக்கவும், போன் வாசித்துக் காட்டுவதைக் கேட்டுப் படிக்கவும் பழகிக்கொண்டு வந்தாள். வந்த அன்றே கோவில்பட்டியில் கல்லூரியில் சேரப்போவதாகச் சொன்னாள். வேதியியல் என்றதும் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

“எதால கண்ணு போச்சோ, அதையே படிக்கணுமாட்டி ஒனக்கு?”

“எதால போச்சுன்னு தெரியலையேப்பா. அதுக்குத்தான் படிக்கப் போறேன்.”

அம்மா ராதாமணி இடையில் வரவில்லை. மறுநாள் காலையில் மகளுக்குத் தலை சீவிவிட்டு, அவளே பஸ் ஏற்றிக் கூட்டிப்போனாள்.

கல்லூரியில் யாரும் முகத்தில் அடித்தாற்போலப் பேசவில்லை. வரலாறு எடுத்தால் உனக்குச் சுலபம் என்றார் முதல்வர். ஆய்வுக்கூடத்தில் அமிலம் இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று கேட்டார். வேதியியல் பேராசிரியர் கார்த்திகேசன் மட்டும், முதல் வருஷம் பாடத்தில் உட்காரட்டும், செய்முறையைப் பிறகு பார்க்கலாம் என்றார். அந்தப் ‘பிறகு’ என்னவாகும் என்று அவருக்கும் அப்போது தெரிந்திருக்க வேண்டும்.

அணுக்களுக்கு இடையிலான பிணைப்புப் பாடத்தை அவள் காதாலேயே பிடித்துக்கொண்டாள். சோடியம் ஒரு எலக்ட்ரானைக் கொடுக்கிறது, குளோரின் வாங்கிக்கொள்கிறது. கார்பனும் ஹைட்ரஜனும் கொடுப்பதுமில்லை, வாங்குவதுமில்லை. ஆளுக்கொன்று போட்டுப் பொதுவில் வைத்துக்கொள்கின்றன. இதற்கெல்லாம் கண் வேண்டியிருக்கவில்லை. மூலக்கூறுகளின் வடிவம் என்ற பாடம் வந்ததும் அவள் தடுக்கி விழுந்தாள். கார்த்திகேசன் சார் கரும்பலகையில் வரைந்துவிட்டு, “இங்க பாருங்க, இந்தப் பிணைப்பு உங்களைப் பார்த்து வருது, இது பின்னால போகுது” என்றார். வகுப்பு தலையாட்டியது. ராமலட்சுமியின் மனதில் மீத்தேன் ஒரு கூட்டல் குறி போலத் தட்டையாகக் கிடந்தது. நடுவில் கார்பன், நாலு திக்கிலும் ஹைட்ரஜன். பார்வை இருந்தபோதும் புத்தகத்தில் அப்படித்தான் பார்த்திருந்தாள். கோணம் நூற்றொன்பதரை பாகை என்று மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவளுக்கு, கூட்டல் குறியில் அந்தக் கோணம் எப்படி வரும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ப்ரியதர்ஷினியிடம் அதைச் சொன்னாள். ப்ரியதர்ஷினியின் அப்பா ஆறுமுகசாமி கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் என்று சொல்லும் தொழிற்சாலை வைத்திருப்பவர். யோசித்துப் பார்த்துவிட்டு அவளும், “எனக்கும் தெரியலடி. அவரு வரைஞ்சதை வரைஞ்சு வச்சிருக்கேன், அவ்வளவுதான்” என்றாள்.

மறுநாள் அவள் மருந்து தோய்க்காத வெறுங்குச்சிகளை ஒரு பை நிறையக் கொண்டுவந்தாள். மழை பெய்து நனைந்திருந்த மைதானத்துக் கரிசல் மண்ணை உருட்டி அணு செய்தார்கள். மதியத்துக்குள் மண் காய்ந்து வெடித்து, குச்சிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. அதற்கடுத்த நாள் பெட்டி ஒட்டுகிற மைதாவைக் கெட்டியாகப் பிசைந்து கொண்டுவந்தாள். அது தாங்கியது.

“நாலு குச்சியும் ஒண்ணையொண்ணு தள்ளும்னு வச்சுக்கோ,” என்றாள் ப்ரியதர்ஷினி. “எல்லாத்துலயும் எலக்ட்ரான் இருக்குல்ல, பக்கத்துல இருக்கப் பிடிக்காது. முடிஞ்ச மட்டும் தள்ளித் தள்ளிப் போகணும்.”

ராமலட்சுமி முதலில் நான்கையும் மேசையோடு படிய வைத்தாள். விரலால் இடைவெளிகளைத் தடவினாள். மேலேயும் கீழேயும் எவ்வளவோ இடம் காலியாகக் கிடக்க, நான்கும் ஒரே தளத்தில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. ஒன்றைப் பிடுங்கி நட்டமாக நிறுத்தினாள். மற்ற மூன்றும் தள்ளப்பட்டுக் கீழ்நோக்கிச் சாய வேண்டும் என்று கை தானாகவே சொன்னது. சாய்த்து வைத்துவிட்டு, எந்த இரண்டு குச்சிக்கு நடுவே விரலை விட்டாலும் அதே அகலம் வருவதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். மூன்று காலில் நின்றது மீத்தேன். திருப்பி வைத்தாலும் அப்படியேதான் நின்றது. பார்வை போன பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான் என்று ப்ரியதர்ஷினி வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

அடுத்து அம்மோனியா. மூன்று ஹைட்ரஜன்தான். மூன்றும் விரிந்து தட்டையாகிவிட வேண்டியதுதானே, ஏன் இன்னும் கீழே சாய்ந்தே இருக்கிறது என்று கேட்டாள்.

“மேல ஒரு ஜோடி எலக்ட்ரான் தனியா இருக்குடி. எதையும் பிடிக்காம.”

“இங்கன ஒண்ணுமில்லையே?”

“அணுதான் இல்ல. அந்த ஜோடி இருக்கு. அதுதான் மத்த மூணையும் கீழ தள்ளுது.”

ராமலட்சுமி அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டாள். தண்ணீரில் அப்படி இரண்டு ஜோடிகள். அதனால்தான் தண்ணீர் மூலக்கூறு வளைந்திருக்கிறது, அதனால்தான் ஒரு பக்கம் நேர்மின், ஒரு பக்கம் எதிர்மின். மத்தியில் தனி ஜோடி இல்லாத கார்பன் டை ஆக்சைடு நேராக நீட்டிக்கொண்டு நிற்கிறது. புத்தகத்திலிருந்த எல்லாவற்றையும் அவர்கள் இரண்டு பேரும் மைதாவில் செய்தார்கள். பருவத் தேர்வில் உதவியாளரை வைத்து எழுதி அவள் நல்ல மதிப்பெண்ணே வாங்கினாள்.

ஒருநாள் அவளாகவே, குளோரேட் செய்யலாமா என்று கேட்டாள். ப்ரியதர்ஷினி கையிலிருந்த மைதாவை உருட்டிக்கொண்டேயிருந்தாள். தீக்குச்சி மருந்தில் அதுதான் முக்கியம். அவள் வீட்டு ஆபீஸின் சரக்கு வைக்கும் கிட்டங்கியில் டிரம் டிரம்மாக இருப்பது அது. பிறகு செய்து கொடுத்தாள். நடுவில் குளோரின், சாய்ந்த மூன்று ஆக்சிஜன்கள், மேலே ஒரு தனி ஜோடி. குட்டையான கூம்பு. ராமலட்சுமி அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அந்த வகுப்பு முழுக்க இருந்தாள்.

வகுப்பு முடிந்ததும், இது ஏன் அப்படிப் பற்றிக்கொள்கிறது என்று கேட்கக் கார்த்திகேசன் சாரிடம் போனாள். அவர் நிதானமாகவே சொன்னார். குளோரேட் தன்னிடமுள்ள ஆக்சிஜனை எளிதில் விட்டுக்கொடுக்கும். அதைவிட ஒரு ஆக்சிஜன் அதிகமுள்ள பெர்குளோரேட்டில் நாலு பக்கமும் ஆக்சிஜன் அடைத்துக்கொண்டிருப்பதால் குளோரினை நெருங்குவது கடினம். குளோரேட்டுக்கு ஒரு பக்கம் திறந்து கிடக்கிறது. வடிவம் மட்டுமே காரணமில்லை, ஆனால் அதுவும் ஒரு காரணம். கந்தகத்தோடு உலர்ந்த நிலையில் சேர்ந்தால் லேசாக உரசினாலே போதும். தீப்பெட்டியில் பசையும் தண்ணீரும் சேர்த்து ஈரமாகக் கலக்குகிறார்கள், அதனால் பிழைக்கிறோம். பட்டாசில் அந்த இரண்டையும் சேர்ப்பதற்குத் தடை வந்து எத்தனையோ வருஷமாகிறது.

“கீழ போட்டாத்தான் வெடிக்குமா சார்?”

“போட வேண்டியதில்லம்மா. சலிச்சாலே போதும்.”

மருந்து அறை வாசலிலிருந்து பார்த்தது ராமலட்சுமிக்கு நன்றாக நினைவிருந்தது. சல்லடையின் ஒரு பக்கம் கந்தகத்தின் மஞ்சள் நிறத்தில் ஒரு தூள், ஒரு பக்கம் உப்புப் போல வெள்ளைத் தூள். அத்தையின் இரண்டு கைகளும் சல்லடையில்தான் இருந்தன. போன் எதுவும் இல்லை. சொல்லிக்கொடுத்த வேலையைச் சொன்னபடியே செய்துகொண்டிருந்தவளை அந்தக் கலவை கொன்றிருக்கிறது.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் ப்ரியதர்ஷினியிடம் கேட்டாள். “ஏட்டி, குளோரேட்டை யாரு வேணும்னாலும் வாங்க முடியுமா?”

“முடியாதுடி. லைசென்ஸ் வேணும். தீப்பெட்டி ஆபீஸுக்குத்தான் தருவாங்க.”

“அப்ப அந்தக் கொட்டகைக்கு எப்படி வந்துச்சு?”

ப்ரியதர்ஷினி வீட்டில் போய்த் தன் அப்பாவிடம் அதைக் கேட்டிருக்கிறாள். அவர் என்ன சொன்னார் என்பதை ராமலட்சுமி கடைசிவரை அறியவில்லை. ஒரு வாரம் ப்ரியதர்ஷினி கல்லூரிக்கு வரவில்லை. வந்தபோது பின் வரிசையில் போய் உட்கார்ந்தாள். வருஷம் முடிந்ததும் அவளை மதுரையில் வேறு கல்லூரியில் சேர்த்துவிட்டார்கள். ஆறுமுகசாமிக்கும் அந்தக் கொட்டகைக்கும் தொடர்பு இருந்ததா என்று யாரும் விசாரிக்கவில்லை. இருந்திருக்காமலும் போகலாம்.

வழக்கு விசாரணைக்கு வந்தபோது ராமலட்சுமி சாட்சிக் கூண்டில் ஏறினாள். பார்த்ததைச் சொன்னாள், வெள்ளைத் தூள் குளோரேட்டாகத்தான் இருக்க வேண்டும் என்று காரணத்தோடு சொன்னாள். எதிர்த்தரப்பு வக்கீல் மரியாதையாகத்தான் பேசினார். சம்பவத்தன்று அது என்ன பொடி என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றாள். இப்போது அதைக் காட்டினால் அடையாளம் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

“எனக்குப் பார்வை இல்லையே சார்.”

“ஆக, பார்த்தப்ப தெரியல. தெரிஞ்சப்ப பார்க்க முடியல. கல்லூரியில படிச்ச பாடத்தை வச்சு ஊகமாச் சொல்றீங்க. சரிதானே?”

எரிந்த இடத்திலிருந்து எடுத்த மாதிரியில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று ஆய்வக அறிக்கை வந்திருந்தது. சந்தேகத்தின் பலன் கொட்டகைக்காரருக்குப் போய் அவர் விடுதலையானார்.

செய்முறைத் தேர்வுக்கு அனுமதி கிடைக்கவே இல்லை. கார்த்திகேசன் சார் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக்கேட்டுப் பார்த்தார். மேலே இருந்து வந்த பதில், வேறு பாடத்துக்கு மாறிக்கொள்ளலாம் என்பது. இரண்டாம் வருஷம் ராமலட்சுமி வரலாற்று வகுப்பில் உட்கார்ந்தாள். அப்படியே பட்டமும் வாங்கினாள். இப்போது கோவில்பட்டியில் ஒரு கடன் சங்கத்தில் போன் எடுக்கிற வேலை பார்க்கிறாள்.

கொட்டகைக்காரர் விடுதலையான அந்த வாரத்திலேயே அவள் ஒரு காரியம் செய்திருந்தாள். அம்மாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கோமதியம்மாள் வீட்டுக்குப் போனாள். பாண்டியராஜன் வீட்டுக்குள்ளேதான் இருந்தார். அவர் இப்போதெல்லாம் யாரிடமும் பேசுவதில்லை என்று அம்மா வழியிலேயே சொல்லியிருந்தாள்.

“மாமா, அத்தை மேல தப்பில்ல. எதையும் கீழ போடல.” படித்ததை அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். இரண்டையும் காய்ந்தபடி சேர்க்கவே கூடாது என்பதையும், சலித்தாலே போதும் என்பதையும் சொன்னாள்.

“இதைக் கோர்ட்டுல சொன்னியாம்மா?”

“சொன்னேன் மாமா.”

“அவிய என்ன சொன்னாவ?”

“ஊகம்னு சொன்னாவ.”

அவர் எழுந்து வெளியே போனார். சுகுணாவின் அம்மா கல்யாணசுந்தரியை அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவது உள்ளே கேட்டது. அத்தனை வருஷத்தில் அந்த இரண்டு வீட்டுக்கும் இடையில் எழுந்த முதல் பேச்சு அது. அடுத்த வீட்டுக் கதவு திறந்த சத்தம் மட்டும் கேட்டது.

“அவ வீட்டு வாசல்லதான் வந்து நிக்கா,” என்று ராதாமணி மகளின் காதில் சொன்னாள். “இங்கன உள்ள வரல.”

பாண்டியராஜன் திரும்பி வந்து, முதலிலிருந்து இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். ராமலட்சுமி எழுந்து, தடவித் தடவி வாசல் நடை வரைக்கும் வந்து நின்று, அடுத்த வீட்டு வாசலுக்குக் கேட்கிற மாதிரி எல்லாவற்றையும் மறுபடி சொன்னாள். சொல்லி முடித்ததும் காத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கல்யாணசுந்தரி தன் வீட்டுக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. அது கோபத்தில் சாத்திய சத்தமா, அழுகையில் சாத்தியதா என்று ராமலட்சுமியால் பிரித்தறிய முடியவில்லை.

“போதும்மா,” என்றார் பாண்டியராஜன். “வெயில் ஏறுறதுக்கு முன்ன வீட்டுக்குப் போங்க.”

ராதாமணி மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் தெருவில் இறங்கி நடந்தார்கள்.