கறியும் கரியும்

சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிறு காலை. மாடி வீட்டுக் கவிதா படபடவென்று இறங்கி வந்தாள்.

“மேடம், எங்க அம்மா என் போனையே எடுக்க மாட்டேங்கறாங்க!”

என்ன ஆச்சு? எல்லாம் ஓர் எழுத்து செய்த வேலை.

கவிதாவுக்கு ஆம்பூர். கணவர் மஞ்சுநாத், எங்கள் பெங்களூரு மல்லேஸ்வரத்திலேயே பிறந்து வளர்ந்த கன்னடக்காரர். காதல் கல்யாணம். ரொம்ப நாள் பேசாமல் இருந்த கவிதாவின் அம்மா, முந்தின நாள்தான் மனமிரங்கி இருவரையும் விருந்துக்கு அழைத்திருந்தார். தடபுடல் சமையல்... பதற்றத்தில் மட்டன் மட்டும் லேசாக அடிபிடித்துவிட்டது.

மஞ்சு ரசித்துத்தான் சாப்பிட்டார். தமிழ் சரளமாகப் பேசுவார். எழுத இப்போதுதான் பழகுகிறார். வீடு திரும்பியதும், மாமியாரை அசத்தலாம் என்று யாரிடமும் காட்டாமல் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ் போட்டார் — ‘அத்தை, நீங்கள் செய்த கரி அற்புதம்.’

கறி... கரியாகிவிட்டது!

சொந்தக்காரர்கள் சிரிப்புப் பொம்மைகளாகப் போட்டுத் தள்ளினார்கள். அந்த அம்மாவோ, தீய்ந்ததைக் குத்திக் காட்டுகிறார் என்று அழுதிருக்கிறார். தம்பி சொல்லித்தான் கவிதாவுக்கு விஷயமே தெரிந்தது.

பின்னாலேயே மஞ்சுவும் வந்தார். “எங்க கன்னடத்துல ஒரே ‘ர’தான் மேடம். நான் எதுக்கு அவங்களைக் கிண்டல் பண்ணப் போறேன்? இனிமே தமிழ்ல எழுதறதே பேடா... வேண்டவே வேண்டாம்!”

கவிதாவின் அம்மாவை என் போனிலிருந்து கூப்பிட்டேன். எடுத்தார். நான் வாய் திறப்பதற்குள் மஞ்சு போனை வாங்கிக்கொண்டார்.

“அத்தே, நான் மஞ்சு. எந்த ‘ர’ போடணும்னு தெரியல எனக்கு. சத்தியமா நல்லா இருந்துச்சு. மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேனே, பாத்தீங்கல்ல?”

மறுமுனையில் சிரிப்பு.

“ஆமா, சட்டியை வழிச்சில்ல சாப்பிட்டீங்க மாப்ளே!”

அதன்பின் வாட்ஸ்அப்பில் ஒரு வார்த்தை ஆட்டம் தொடங்கியது; தொடங்கியவர் அந்த அம்மாதான். காலையில் ஒரு ஜோடி வார்த்தை அனுப்புவார். மாப்பிள்ளை இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைக்க வேண்டும். ‘இறங்கு — இரங்கு’ வந்த அன்று மஞ்சு எழுதினார்: ‘பஸ்ஸை விட்டு இறங்கவில்லை, அதற்குள் பதில் கேட்கிறீர்கள். என் மேல் இரங்குங்கள் அத்தை!’

நாமெல்லாம் எப்படிப் படித்தோம்? தப்பு எழுதினால் இம்போசிஷன். எழுத்து மனதில் நின்றதோ இல்லையோ, பயம் நின்றுவிட்டது. சிரித்துக்கொண்டே கற்ற வார்த்தை மறக்குமா என்ன?

நேற்று ‘உறவு’க்கு ஜோடி என்ன என்று மஞ்சுவே கேட்டாராம்.

உடனே பதில் வந்ததாம் — ‘எனக்குத் தெரிஞ்சு அதுக்கு ஒரே ஸ்பெல்லிங்தான் மாப்ளே!’