மெஷின்காரர் நிரப்பிய படிவம்

அந்த டயாலிசிஸ் அறையில் ஆறு மெஷின். பதினெட்டு வருஷமாய் ஆறையும் கட்டி மேய்ப்பவரை எல்லாரும் மெஷின்காரர் என்றே கூப்பிடுவார்கள். அவர் ஊசி குத்தினால் வலி தெரியாது, வாய்தான் கடுகடு. வீட்டிலேயே டயாலிசிஸ் செய்வது பற்றி யாராவது பேச்செடுத்தால், "என் கண்ணு முன்னாடி கிடங்க, போதும்" என்பார்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பன்னிரண்டு கேள்வியோடு ஒரு படிவம் வரும். தூக்கம் எப்படி, அரிப்பு உண்டா, வேலை செய்ய முடிகிறதா என்று நோயாளியைக் கேட்டு எழுத வேண்டும். படுத்திருப்பவர்களை எதற்குத் தொந்தரவு செய்வது என்று, ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்து அவரே 'நலம்' என்று டிக் அடித்துவிடுவார். யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

வாரம் மூன்று நாள் மெஷினுக்கு வரும் தையல்காரம்மா கேட்டாள். வயிற்றில் குழாய் வைத்து, பையிலிருந்து மருந்து நீரை உள்ளே விட்டு, பிறகு வடித்தெடுக்கும் டயாலிசிஸ் முறைக்கு மாற்றச் சொல்லி டாக்டரிடம் போயிருந்தாள். வீட்டிலேயே செய்துகொள்ளலாம், தையலும் ஓடும். டாக்டரோ படிவத்தைக் காட்டி, "எல்லாம் நல்லாத்தானேம்மா இருக்கு, எதுக்கு மாத்தணும்?" என்று அனுப்பிவிட்டார்.

வந்தவள் கட்டிலில் படுக்கவில்லை.

"ஏண்ணே, நான் நல்லா தூங்குறேன்னு யாரு சொன்னா?"

"ரத்தம் நல்லா இருக்கேம்மா."

"அப்ப ரத்தம்தான் தூங்குது, நான் முழிச்சுக்கிட்டு இருக்கேன்! மெஷின் போட்ட அன்னிக்கு ஊசியில நூல் கோக்க முடியல, கை நடுங்குது. வாரத்துல மூணு நாள் இதே கதை. கடையை மூடிடவா?"

பக்கத்துக் கட்டில் லாரி டிரைவர் சிரித்துவிட்டார். மெஷின்காரருக்குக் காது சுட்டது. அவளுக்கு மெஷினைப் பூட்டி, பார்த்துக்கொள்ளும்படி நர்ஸிடம் சொல்லிவிட்டு நேரே டாக்டரிடம் போனார்.

"அது அந்தம்மா சொன்னது இல்ல சார். நானா போட்டது."

"எத்தனை பேருக்கு இப்படி?"

"எல்லாருக்கும்."

நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். திட்டி ஓய்ந்த டாக்டர், "வீட்டுல சுத்தமா செய்வாங்களா? குழாய் வழியா கிருமி உள்ள போனா வம்பு" என்றார்.

"ஒரு இழை தப்பினாலே பிரிச்சுத் தைக்கிற கை சார் அது."

சொன்ன பிறகு அவருக்கே வியப்பாக இருந்தது.

புதுப் படிவத்தோடு அவள் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப்போட்டு, பன்னிரண்டையும் கேட்டு எழுதினார். ஏழு கேள்விக்கு 'மோசம்' விழுந்தது. டாக்டர் படித்துப் பார்த்து, அடுத்த வாரமே குழாய் வைக்கத் தேதி குறித்தார்.

"இனி என் மூஞ்சியில முழிக்க வேண்டாம், சந்தோஷமா?" என்றார் மெஷின்காரர்.

"ரொம்பண்ணே!" என்றாள் அவள், சட்டென்று.

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்டூலை டிரைவர் பக்கம் நகர்த்தினார்.

"முதல் கேள்வி. தூக்கம் எப்படிண்ணே?"

"அது பெரிய கதை தம்பி. நல்லா வசதியா உட்காரு."