பிரேக் அக்காவின் குடலும் ஒரு பாட்டில் மருந்தும்

பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அதன்மேல் வைத்த காலை அந்த அம்மாள் எடுத்ததே இல்லை என்பார்கள். அதனால் அவர் நடத்திய ஓட்டுநர் பள்ளியில் அவருக்குப் பெயர் பிரேக் அக்கா. ஐம்பதைத் தாண்டியவர். தெருமுனை வரை கேட்கும் குரல். "ரோட்டைப் பாரு, என் மூஞ்சியப் பார்க்காத. நான் எங்கயும் ஓடிட மாட்டேன்" என்று அவர் அதட்டினால் பக்கத்துக் காரில் இருப்பவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள்.

பள்ளி அலுவலகத்தை நாத்தனார் பார்த்துக்கொண்டார். கணவர் அதே தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஊரில் பாதிப்பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவருடைய கணவருக்கு ஸ்டீயரிங் பிடிக்கத் தெரியாது. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு வகுப்பு நடந்தது. பாதி வகுப்பில், ரவுண்டானாவை ஒட்டி வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து இறங்கி, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தே போய்விட்டார் மனிதர். "புருஷன் வேணுமா, மாணவன் வேணுமான்னு யோசிச்சேன். புருஷனையே வச்சுக்கிட்டேன்" என்று அக்கா அதைச் சொல்லிச் சிரிப்பார்.

எல்லாம் ஒரு கடைவாய்ப் பல்லில் தொடங்கியது. பல்லடியில் சீழ் கட்டி முகம் வீங்கியதால் பல் டாக்டர் ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்தார். பல் அடங்கியது, வயிறு கிளம்பியது. சாப்பிட்டது ஏதோ சேரவில்லை என்று அக்கா முதலில் நினைத்தார். வகுப்பை விடவும் மனமில்லை. எந்தெந்தப் பெட்ரோல் பங்கில் கழிவறை சுத்தமாக இருக்கிறதோ, அந்த வழியாகவே மாணவர்களை ஓட்டவைத்தார். "இங்க ஓரம் கட்டு. அழகா நிறுத்து. நான் இதோ வந்துடறேன்." அந்த வாரம் கற்றுக்கொண்ட ஒரு மாணவி வண்டி நிறுத்துவதில் புலியாகிவிட்டாள். இரண்டாவது கியருக்குமேல் அவளுக்கு எதுவும் தெரியாது.

ஒரு நாள் அலுவலகப் படியிலேயே அக்கா கண் இருட்டி உட்கார்ந்துவிட்டார். காய்ச்சல் கொதித்தது. ஆம்புலன்ஸில் தூக்கிக்கொண்டு போனார்கள். மலத்தைச் சோதித்துப் பார்த்த குடல் டாக்டர், சின்னக் குரலில் பேசுகிற பெண்மணி, கட்டிலருகில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"குடலுக்குள்ள நல்ல கிருமிங்க கோடிக்கணக்குல இருக்கும்மா. பல்லுக்குக் குடுத்த மருந்து அதுங்களையும் சேர்த்து அழிச்சிடுச்சு. அந்தக் காலி இடத்துல பொல்லாத கிருமி ஒண்ணு பெருகிடுச்சு. அது கக்குற விஷம்தான் உங்க குடலைப் புண்ணாக்குது."

"ஆளில்லாத வீடுன்னு பார்த்துக் குடியேறிடுச்சாக்கும்."

"ஆமா. காலி பண்ணிடலாம். ஆனா விதை மாதிரி ஓடு போட்டுக்கிட்டு ஒளிஞ்சிருந்து, மறுபடி முளைக்கவும் செய்யும். பார்ப்போம்."

இந்தக் கிருமிக்கென்று உள்ள வேறொரு ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். அக்கா எழுந்து நடமாடினார். வகுப்புக்கும் போனார். மாதம் திரும்புவதற்குள் அது மறுபடியும் முளைத்தது.

இந்த முறை கணவர் டாக்சிக்குச் சொன்னார். வந்த டிரைவர், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற அக்காவைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், "வேற வண்டி பாருங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வாசலில் அக்காவின் சொந்தக் கார் சும்மா நின்றுகொண்டிருந்தது. நாத்தனார் ஓடி வந்து ஓட்டிக்கொண்டு போகும்வரை கணவர் அந்தக் காரையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு அவர் முகம் போன போக்கை நாத்தனார் அப்புறம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

மருத்துவமனையிலிருந்து திரும்பியபின் வீட்டு வேலை முழுவதையும் கணவர் ஏற்றுக்கொண்டார். கிருமியின் விதை சாதாரணத் துடைப்புக்குப் போகாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், கழிவறையைப் பிளீச்சிங் கரைசல் ஊற்றித் தேய்த்தார். கடைக்குப் போட்டுப்போகிற நீலச் சட்டையெல்லாம் வெள்ளைப் புள்ளி விழுந்து சிறுத்தைத் தோலாயிற்று. கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் யாரும் வீட்டுக்குள் ஒரு டம்ளரைத் தொட முடியாது. அக்கா படுக்கையிலிருந்தபடி, "என்னைக் கல்யாணம் பண்ணப்போ இவ்வளவு சுத்தம் இல்லையே நீங்க" என்பார்.

சாயங்காலங்களில் கணவர் ஒரு மணிநேரம் காணாமல் போவதை மட்டும் அக்கா கவனிக்கவில்லை.

மூன்றாம் முறை வந்தபோது அக்காவுக்குப் பேசக்கூடத் தெம்பில்லை. நாத்தனார் ஒரு மாணவரோடு தேர்வு மைதானத்தில் இருந்தார். கணவர் அக்காவைப் போர்வையோடு தாங்கிக்கொண்டு வந்து காரில் பக்கத்து சீட்டில் உட்காரவைத்தார். பிறகு சுற்றிக்கொண்டு போய் ஸ்டீயரிங் பக்கம் ஏறினார்.

"ஏங்க, அது டிரைவர் சீட்டு."

"தெரியும்" என்றார் கணவர். "சீட் பெல்ட் போட்டாச்சு. கண்ணாடி பார்த்தாச்சு. கியர் போட்டாச்சு."

கார் குலுங்காமல் கிளம்பியது. அக்காவின் வலது கால், அங்கே இல்லாத பிரேக்கை இரண்டு தெருவுக்கு மிதித்துக்கொண்டே வந்தது. மூன்றாவது தெருவில் காதும் வேலை செய்ய ஆரம்பித்தது. செய்கிற ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லச் சொல்லிப் பழக்குகிறவர் ஊரில் ஒரே ஒருவர்தான். அவருடைய பள்ளி அக்கா பள்ளிக்கு நேர் எதிரில் இருந்தது.

"எதிர்க்கடையிலயா கத்துக்கிட்டீங்க?"

"வலது பக்கம் பார்த்தாச்சு."

"என் எதிர்க்கடையிலயா?"

"லைசென்சும் வாங்கியாச்சு. அந்த டாக்சிக்காரன் மாதிரி இன்னொருத்தன்கிட்ட உன்னை நிறுத்தி வைக்க எனக்கு மனசு வரல" என்றார் கணவர், கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல். அக்கா போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று கணவருக்குத் தெரியவில்லை. பார்க்கவும் முடியாது, முன்னால் சிக்னல்.

குடல் டாக்டர் இந்த முறை வேறு வழி சொன்னார். பழையபடி ஆன்டிபயாடிக் உண்டு. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆன்டிபாடி மருந்து ஒன்றை ஒரே ஒரு தடவை நரம்பில் ஏற்றிவிடலாம்.

"ஆன்டிபாடிங்கிறது நம்ம உடம்பே தயாரிக்கிற எதிர்ப்புப் பொருள்மா. உங்க உடம்பு அதைப் போதுமான அளவு தயாரிக்கல. அதனால வெளியில தயாரிச்சுக் குடுக்கறோம். இது கிருமியைக் கொல்லாது. அது கக்குற விஷத்தைப் போய்ப் பிடிச்சுக்கும். பிடிபட்ட விஷம் குடல்ல ஒட்டாது. அதுக்குள்ள உங்க நல்ல கிருமிங்க மெல்ல வீடு திரும்பிடும்."

"அப்புறம் வராதா?"

"வராதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். வர்ற வாய்ப்பு குறையும். இதயத்துல ஏதாவது கோளாறு இருக்கா? இருந்தா இது சரிப்படாது."

"இத்தனை வருஷம் புதுசா ஓட்டறவங்க பக்கத்துல உட்கார்ந்திருக்கேன். இதயம் கெட்டியா இல்லன்னா இன்னிக்கு இங்க இருக்க மாட்டேன்."

டாக்டர் சிரித்துவிட்டார். ஆனாலும் இதயத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றினார்.

தண்ணீர் போலத் தெளிவான மருந்து. சொட்டுச் சொட்டாக அது இறங்கி முடிய ஒரு மணிநேரம் ஆயிற்று. லேசாகத் தலைவலி, கொஞ்சம் குமட்டல், அவ்வளவுதான். வண்டி ஓட்டி வந்தபோது கணவர் செய்த தவறுகளை அந்த ஒரு மணிநேரமும் அக்கா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். திருப்பத்தில் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தது, மேட்டில் எஞ்சினைத் தேவையில்லாமல் உறுமவிட்டது. கணவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அக்காவுக்குத் தெம்பு வந்துவிட்டது என்று நர்ஸ் சாடையாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தபின்தான் உண்மையான பயம். வயிற்றில் ஒரு சின்ன உருளல் கேட்டாலும் வீடே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். "பசி அண்ணி, வெறும் பசி" என்று நாத்தனார் சாதத்தோடு ஓடி வருவார். முதல் மாதம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் மாதமும். மூன்றாவது மாதம் அக்கா தட்டை நீட்டி இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டபோது, கணவர் எழுந்துபோய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். பிளீச்சிங் நெடி என்றார்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாளே அக்கா தெருவைக் கடந்து எதிர்ப்பள்ளிக்குப் போனார். அந்த ஆசிரியர் பதறி எழுந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. அவரு வந்து கேட்டாரு, அந்த நிலைமையில முடியாதுன்னு சொல்ல முடியல."

"நல்லாத்தான் சொல்லிக்குடுத்திருக்கீங்க. என்னால முடியாதது உங்களால முடிஞ்சிருக்கு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அவர் ஆசுவாசமாக மூச்சு விட்டார். "ஒரே ஒரு குறைதான்க்கா. நேர் ரோடு வந்துட்டா பாட ஆரம்பிச்சிடுவாரு. எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், நிக்கல."

"யாரு, எங்க வீட்டுக்காரரா?"

முப்பது வருடத்தில் கணவர் ஒரு வரி பாடி அக்கா கேட்டதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கணவரை ஓட்டச் சொல்லிவிட்டு, அக்கா அலுப்பாக இருக்கிறது என்று பின் சீட்டில் ஏறிச் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நகரம் தாண்டியதும் சாலை நேராக நீண்டது. சற்று நேரத்தில் முன்னாலிருந்து மெல்லிய குரலில் பாட்டு வந்தது. திருப்பம் வந்தால் நின்றது, திருப்பம் முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. சுருதி அவ்வளவாகச் சேரவில்லை. அக்கா கண்ணைத் திறக்கவில்லை.