மாரண்டஹள்ளியில் பதினோரு எலுமிச்சம்பழங்கள்

சென்ற ஆவணி மாதம் மாரண்டஹள்ளிக்குப் போயிருந்தேன். சுற்றிப் பார்க்க அல்ல, பிழைப்புக்காக. கட்டுமானத் தளங்களில் பாதுகாப்புத் தணிக்கை செய்வது என் தொழில். எங்கே எது விழும், யார் மேல் விழும், அதற்கு முன்னால் எதை நிறுத்த வேண்டும் என்று பார்த்துச் சொல்லிவிட்டுச் சாபம் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிற வேலை. மாரண்டஹள்ளியிலிருந்து ஆறு கிலோமீட்டரில் தக்காளிக்கும் காய்கறிக்கும் ஒரு குளிர்பதனக் கிடங்கு கட்டுகிறார்கள். மறுநாள் காலை ஏழு மணிக்குக் கூரையைத் தாங்கும் பெரிய இரும்பு உத்திரத்தைக் கிரேனில் தூக்கி வைக்கப் போகிறார்கள். அதற்கு நான் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். வழக்கமாகப் போகிறவருக்கு டெங்கு வந்துவிட்டதால் என்னை அனுப்பினார்கள்.

காலை 5.10க்குக் கோவை காந்திபுரத்தில் பேருந்து ஏறினேன். சேலம் 8.50. அங்கே இரண்டு இட்லி, ஒரு வடை, 45 ரூபாய். தருமபுரிக்கு 65 கிலோமீட்டர், தொப்பூர் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து 10.35க்குப் போய்ச் சேர்ந்தேன். தருமபுரியிலிருந்து பாலக்கோடு வழியாக ஓசூர் போகும் பேருந்துகள் மாரண்டஹள்ளியில் நிற்கும். சுமார் நாற்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். ஜன்னலோரம் கேட்டு உட்காருங்கள். பாலக்கோடு தாண்டினால் மலையும் தக்காளிக் காடும் கண்ணுக்கு நல்லது.

குழப்பம் ஆட்டோவிலேயே ஆரம்பித்துவிட்டது. தளத்திலிருந்து கைபேசிக்கு அனுப்பியிருந்த வரைபட இடக்குறியைக் காட்டினால் ஓட்டுநர் சிரித்தார்.

“இது ஏரிக்குள்ள காட்டுதுங்களே மேடம். எந்தக் கோல்டு ஸ்டோரேஜுங்க? ரெண்டு கட்டறாங்க.”

“கிரேன் நிற்கிற இடம்.”

“ரெண்டுலயும் நிக்குதுங்க.”

முதலில் தவறான இடத்துக்குப் போய், அங்கே இருந்தவர்களைத் தலைக்கவசம் போடாததற்காகக் கண்டித்துவிட்டு, அது நம் தளமே இல்லை என்று தெரிந்து திரும்பினோம். பேசியது 150 ரூபாய், கொடுத்தது 220. கண்டித்ததற்குக் கட்டணம் இல்லை.

சரியான தளத்துக்கு மதியம் 12.40க்குப் போய்ச் சேர்ந்தேன். தளப் பொறியாளர் ஸ்ரீதர், முப்பதைத் தாண்டாதவர், சட்டைப்பையில் மூன்று பேனா. அவர் காட்டிய கோப்புகள் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தன. கிரேன் சான்றிதழ் சரி, கயிறு சான்றிதழ் சரி. ‘நியர் மிஸ்’ நோட்டு, அதாவது விபத்து நடக்கவிருந்து நூலிழையில் தப்பினால் எழுத வேண்டிய நோட்டு, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வெள்ளை. நாலு மாத வேலையில் ஒரு ஸ்பேனர்கூடக் கைதவறவில்லை என்றால் அங்கே மனிதர்கள் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

கிரேனைச் சுற்றி வந்தேன். தூக்கும்போது சாயாமல் இருக்க நான்கு பக்கமும் ஜாக்கிக் கால்களை நீட்டித் தரையில் ஊன்றியிருந்தார்கள், அடியில் மரக்கட்டை கொடுத்து. இடது பின்காலுக்குப் பக்கத்தில் வெட்டிப்போட்ட எலுமிச்சம்பழங்கள், குங்குமம் தடவி. சில காய்ந்து கறுத்தவை, ஒன்று புத்தம்புதிது. வண்டிக்கு எலுமிச்சை வைப்பது புதிதல்ல. ஆனால் முன்னால் வைப்பார்கள், சக்கரத்துக்கு அடியில் வைப்பார்கள். இந்த ஒரு காலுக்கு மட்டும் ஏன் இத்தனை மரியாதை என்று புரியவில்லை. பூமி பூஜை அங்கே போட்டிருப்பார்கள் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு சாப்பிடப் போனேன். பதினைந்து வருட அனுபவம் பேசுகிறது, கவனிக்க.

எதிரே மாதம்மாள் என்பவர் கடை வைத்திருக்கிறார். தட்டுச் சோறு 50 ரூபாய், ரசம் பிரமாதம். டீ, பீடி, சூடம், எலுமிச்சை எல்லாம் உண்டு. பேச்சுவாக்கில் தளத்தில் பூஜையெல்லாம் பலமா என்று கேட்டேன்.

“பூசைக்கு இல்லீங்க. பயந்துக்கிட்டா வந்து பழம் வாங்குவாங்க. நேத்து சாயங்காலங்கூட முனியப்பன் வந்து வாங்கினாரு. மூஞ்சி வெளுத்துப் போயிருந்துச்சு.”

முனியப்பன் அங்கே இரும்பு ஏற்றும் ஆட்களின் மேஸ்திரி. நாற்பத்தைந்து வயது இருக்கும், நிதானமான ஆள். உத்திரம் மேலே போகும்போது சுழலாமல் கீழிருந்து கயிறு பிடிப்பவர் அவர்தான். அவர் நிற்கும் இடம் அந்த இடது பின்காலுக்குப் பக்கம். தனியாக அழைத்துக் கேட்டேன்.

“காலு இறங்குதுங்க மேடம். பாரம் ஏறும்போது நாலு விரக்கடை. ஒருக்கா இல்ல, அஞ்சாறு தடவ.”

“அதை நோட்டில் எழுத வேண்டாமா?”

“எழுதி வெச்சா நடந்துருங்க. முன்ன சேலத்துல ஒரு வேலையில எழுதினோம், நாலாம் நாளு ஒருத்தன் கால் போச்சு. இப்பிடிப் பழத்தச் சுத்தி வெட்டிப் போட்டா கழிஞ்சுருது. கட்டைய நிமித்தி வெச்சு மறுபடி தூக்கிக்குவோம்.”

நான் தேடிக்கொண்டிருந்த நோட்டு தரையில் கிடந்திருக்கிறது, பழம் பழமாக. யாரும் எதையும் மறைக்கவில்லை. பயந்த ஒவ்வொரு தடவையும் ஒழுங்காகப் பதிவு செய்திருக்கிறார்கள். பதிவு செய்த உடனே பயம் கழிந்துவிட்டது என்று நம்பி, அதே இடத்தில் அதே காலை ஊன்றி, அதே ஆள் பக்கத்தில் நின்றிருக்கிறார். இதுவரை தூக்கியவை சின்னச் சாமான்கள். நாளைக்கு வருவது மூன்று டன்.

கால் ஏன் இறங்குகிறது? ஸ்ரீதர் வரைபடத்தை விரித்தார். வடகிழக்கு மூலையில் ஒரு பழைய கிணறு, மூடியாகிவிட்டது என்று குறித்திருந்தது. கிரேன் நின்றதோ மேற்கே. சம்பந்தமில்லை என்றார் அவர். பக்கத்துக் காட்டுக்காரர் பெருமாளைக் கூப்பிட்டோம். நிலத்தை விற்றவர் அவர்தான். வந்து நின்று மேற்கே கை காட்டினார்.

“கெணறு அங்கங்க.”

கூட வந்த அவர் மனைவி முறைத்தார். “அது வத்திப்போன கெணறு. தண்ணி எறச்சது இந்த வடகெழக்கு மூலையில. ரெண்டு கெணறு இருந்துச்சே, மறந்துட்டியா?”

“ஒண்ணுதான் மூடினோம்.”

“ரெண்டையும்தான் மூடினோம். நீ அப்ப ஓசூர்ல இருந்த.”

மேற்கே இருந்த அந்த இரண்டாவது கிணறு சரியாக எங்கே என்று கேட்டதற்கு, புளியமரத்துக்கு மேற்கே என்றார்கள். புளியமரத்தை வெட்டி ஒன்றரை வருடம் ஆகிறது. கடப்பாரையால் பல இடங்களில் குத்திப் பார்த்தோம். எல்லா இடத்திலும் மூன்றடியில் கல் இடித்தது. கெட்டித் தரை என்றாலும் கல் இடிக்கும், கல்லைக் கொட்டி மூடிய கிணறு என்றாலும் கல் இடிக்கும். முறையாக மண் சோதனை செய்ய நாலைந்து நாளாகும். கிரேனோ நாளை மதியம் பன்னிரண்டுக்கு வேறு ஊருக்குப் போகிறது, திரும்பி வர இருபது நாள். அதுவரை முனியப்பனுக்கும் அவருடைய ஆட்களுக்கும் வேலை கிடையாது.

“நிறுத்திராதீங்க மேடம்,” என்றார் முனியப்பனே. “பத்து பேரு என்ன நம்பி வந்திருக்காங்க.”

யார் உயிருக்காகப் பேசுகிறேனோ அவரே வேண்டாம் என்கிறார். அப்போது மணி 4.20. கையெழுத்துப் போடவும் பயம், போடாமல் இருக்கவும் பயம். வெட்கப்படாமல் சொல்கிறேன், எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

மாதம்மாள் கடைக்குப் போய்ப் பதினோரு எலுமிச்சம்பழம் வாங்கினேன், 66 ரூபாய். ஆட்கள் எல்லாரையும் கூப்பிட்டு, முனியப்பன் உட்படப் பதினோரு பேருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தேன். சுற்ற வேண்டாம், வெட்ட வேண்டாம். இந்தத் தளத்தில் எந்த இடத்தில் உங்களுக்குப் பக்கென்று ஆனதோ அங்கே வையுங்கள் என்றேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு முனியப்பன் போய் இடது பின்காலுக்கு இரண்டு அடி தள்ளி வைத்தார். அப்புறம் மளமளவென்று வைத்தார்கள். ஏணிக்கு அடியில் இரண்டு. ஒருவர் ஸ்ரீதரின் மேஜை மேல் வைத்துவிட்டு வந்தார், அங்கேதான் அவருக்குப் பயமாம். ஸ்ரீதரைத் தவிர எல்லாரும் சிரித்தோம். மீதி ஏழும் முனியப்பனுடையதும் சேர்ந்து எட்டுப் பழங்கள், அந்தக் காலருகே ஒரு பக்கம் வளைந்த வரிசையாகக் கிடந்தன. ஒரு கிணற்றின் விளிம்பில் பாதி என்று சொல்லலாம். சொல்லாமலும் இருக்கலாம்.

அதை வைத்து நான் முடிவெடுத்தேன். கிரேன் அந்தப் பக்கம் நிற்கக் கூடாது, தெற்குப் பக்கம் நிற்க வேண்டும். அங்கே கம்பிக் குவியலும் தகரக் கொட்டகையும் இருந்தன, அப்புறப்படுத்த நாலு மணி நேரம் ஆகும். ஸ்ரீதருக்கு முகம் சிவந்துவிட்டது. போன தடவை வந்தவர் அரை மணியில் முடித்துவிட்டுப் போனாராம். எட்டையும் நோட்டில் எழுதி மேலிடத்துக்கு அனுப்பினேன். உடனே அழைப்பு வந்தது. நாலு மாதமாகப் பூஜ்ஜியம், நீங்கள் போன அன்றே எட்டா, நீங்கள் போனதால் பாதுகாப்பு குறைந்துவிட்டதா என்று ஒருவர் நிஜமாகவே கேட்டார். பாலக்கோட்டில் அறை எடுத்துத் தங்கினேன், 700 ரூபாய், கொசுவத்தி தனியாகக் கேட்க வேண்டும்.

மறுநாள் காலை ஆறு மணிக்கே ஆட்கள் குவியலை அள்ள ஆரம்பித்துவிட்டார்கள். கிரேன் ஓட்டுநர் நாகராஜ், ராயக்கோட்டைப் பக்கத்துக்காரர், பாதி கன்னடத்தில் என்னைத் திட்டிக்கொண்டே வண்டியைத் திருப்பினார். பாதிதான் புரிந்தது, அது போதுமானதாக இருந்தது. 11.05க்குத் தூக்கினார்கள். உத்திரம் மேலே போகும்போது நான் முனியப்பனின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். 11.32க்கு அது தூண்களின் மேல் உட்கார்ந்தது. எந்தக் காலும் இறங்கவில்லை. கிரேன் ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது, அவ்வளவுதான்.

எல்லாரும் சாப்பிடப் போன பிறகு பழைய இடத்துக்குப் போய் நின்றேன். மிதித்தேன். குதித்தும் பார்த்தேன். அந்த இடம் சிமெண்ட் தரைபோல் கெட்டியாக இருந்தது. முதலில் திட்டமிட்டபடியே அங்கே நிறுத்தித் தூக்கியிருந்தாலும் ஒன்றும் ஆகாமல் போயிருக்குமோ? பதினோரு பேரை நாலு மணி நேரம் கம்பி சுமக்க வைத்தது என் பயம் மட்டும்தானோ? என் தொழிலின் கஷ்டமே இதுதான். தப்பாகச் சொன்னால் உடனே தெரிந்துவிடும். சரியாகச் சொன்னால் யாருக்கும் தெரியாது, எனக்கும்தான். கிடங்குக்குத் தரை போடுவதற்கு முன் அங்கே தோண்டிப் பார்க்கும்படி அறிக்கையில் எழுதினேன். தோண்டினார்களா என்று இதுவரை தகவல் இல்லை.

இதே வேலையாக அந்தப் பக்கம் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். இடக்குறியை நம்பாதீர்கள், பக்கத்து ஊரின் பெயரையும் எதிரே இருக்கும் கடையின் பெயரையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாலை ஆறுக்கு மேல் கிராமத்துச் சாலையில் ஆட்டோ கிடைப்பது சிரமம், வந்த ஆட்டோக்காரரின் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். கோப்புகளைப் பார்ப்பதற்கு முன் தளத்துக்கு எதிரே சாப்பிடுங்கள். வரைபடத்தில் கிணறு ஒன்று இருந்தால் நிலத்தை விற்றவரிடம் மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள், அவர் வீட்டில் இருப்பவர்களிடமும் கேளுங்கள். ஆட்கள் நோட்டில் எழுதவில்லை என்றால் பயத்தை எங்கே, எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

இதை எழுதி முடித்து வைத்திருந்தேன். போன வாரம் காலை 9.15க்கு முனியப்பன் அழைத்தார். இப்போது காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் வேறு ஒரு நிறுவனத்தின் வேலை, எனக்கு அங்கே எந்த அதிகாரமும் இல்லை.

“மேடம், இங்க கிரேன் காலு ரெண்டு விரக்கடை இறங்குச்சுங்க. வேலைய நிறுத்திட்டேன். எல்லாரும் சும்மா உக்காந்திருக்கோம். இஞ்சினியர் சார் கத்தறாரு.”

“யாருக்காவது அடியா?”

“இல்லீங்க. ஒண்ணும் நடக்கலீங்க. அதாங்க கேக்கறேன், நிறுத்தினது சரிதானுங்களா?”

அவருக்குப் பின்னால் யாரோ கத்துவது கேட்டது.

“எனக்குத் தெரியலீங்க முனியப்பன்,” என்றேன். “எழுந்திருக்காதீங்க.”